பட்டதா, படவில்லையா?



ஒரு வழக்கைச் சொல்லி இப்பேச்சைத் தொடங்குகிறேன். முறையிட்டவன் என் பேரன், வயது பதினாறு. கோடை விடுமுறையில் ஓர் இரவு, உண்டு முடித்து நான் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, கையிலிருந்த தொலைபேசியைப் பாயின்மேல் எறிந்துவிட்டு என்னிடம் வந்தான். “தாத்தா, இது அநியாயம்! நான் சுவருக்குப் பின்னால் போய் மறைந்த பிறகு என்னைச் சுட்டுவிட்டான்” என்றான். இணையத்தின் வழியாக நெடுந்தொலைவில் உள்ளவர்கள் கூடி ஆடும் போர் விளையாட்டு ஒன்றில் அவன் அப்போதுதான் தோற்றிருந்தான்.

முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கழித்தவன் நான். தோற்ற பிள்ளைகள் சொல்லும் காரணங்களில் நான் கேளாதது ஒன்றும் இராது. பந்து ஈரமாக இருந்தது என்பார்கள். வெயில் கண்ணில் பட்டது என்பார்கள். ஆகவே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிச் சிரித்துவிட்டு உறங்கச் சென்றேன்.

ஆனால் அவன் விடவில்லை. அவனைச் சுட்டவன் வேறு யாருமல்லன். மதுரையில் இருக்கும் என் மகளின் மகன்தான். அவன், “நீ வாசலில் நின்றாய், குறி பார்த்துத்தான் சுட்டேன்” என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறான். இருவரும் தத்தம் ஆட்டத்தைப் படமாகப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். மறுநாட் காலையில் இரண்டையும் எனக்குக் காட்டினார்கள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு முறைக்கு நான்கு முறையாகப் பார்த்தேன். ஒரு படத்தில், ஓடுகிறவன் சுவரின் மறைவுக்கு முழுதும் வந்துவிட்டான். அதன் பின்னரே வீழ்கிறான். மற்றொரு படத்தில், ஓடுகிறவனின் தோளும் முதுகும் வாசலில் நன்றாகத் தெரிகின்றன, துப்பாக்கியின் குறி அவற்றின்மேல் படிந்திருக்கிறது, சுடுகிறான். வெடித்தது ஒரே வெடி. வீழ்ந்ததும் ஒரே வீழ்ச்சி. இரு பையன்களும் பொய் சொல்லவில்லை. உண்மை பேசும் இரண்டு சாட்சிகள் ஒரே நிகழ்ச்சியைப் பற்றி ஒன்றுக்கொன்று மாறாகச் சொல்லக்கூடுமா? கூடுமானால் தீர்ப்புச் சொல்பவன் என்ன செய்வான்? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு பகுதியை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அடி பட்டதா, படவில்லையா என்னும் தகராறு கணிப்பொறியோடு பிறந்ததன்று. வாள்வீச்சுப் போட்டிகளில் அது நெடுங்காலமாக இருந்தது. வாள்முனை எதிரியைத் தீண்டும் நேரம் கண்ணிமைப்பினும் சிறிது. சுற்றிலும் நடுவர்களை நிறுத்திப் பார்த்தும் சண்டை ஓய்ந்தபாடில்லை. இறுதியில், ‘எப்பே’ என்னும் வகை வாளின் முனையில் ஒரு சிறு பொத்தானை அமைத்து, அது அழுந்தினால் விளக்கு எரியுமாறு மின்கம்பியால் இணைத்தார்கள். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் இக்கருவி பயன்பட்டது. ‘ஃபாயில்’ என்னும் வாளுக்கு 1956ஆம் ஆண்டு மெல்போர்னில் வந்தது. எப்பே வாளுக்கு ஒரு விதி உண்டு. இருவருடைய முனைகளும் விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பட்டுவிட்டால் இருவருக்குமே புள்ளி. அதற்கு மேல் பிந்தியவருக்கு விளக்கு எரியாது. எது முந்தியது என்று அதற்கு மேலும் நுணுகிப் பார்ப்பதில்லை என்று மனிதர்கள் தாமே கூடி ஒரு வரம்பு வைத்துக்கொண்டார்கள். இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். 1962ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஸ்டீவ் ரஸ்ஸலும் அவர் நண்பர்களும் ‘ஸ்பேஸ்வார்’ என்னும் விளையாட்டை உருவாக்கினார்கள். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும். குண்டுக்கும் கலத்துக்கும் இடையேயுள்ள தூரம் ஓரளவுக்குக் குறைந்தால் மோதல் நிகழ்ந்ததாகக் கணக்கு. இருவர் ஆடினாலும் பொறி ஒன்று; திரையும் ஒன்று. ஆகையால் வழக்குக்கு இடமே இல்லை. தகராறு தொடங்குவது, பொறிகள் இரண்டாகி, நடுவே ஒரு கம்பி வந்த பிறகுதான். 1973ஆம் ஆண்டு வாக்கில், கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த இளைஞர் சிலர், இரண்டு ‘இம்லாக்’ பொறிகளைக் கம்பியால் இணைத்து, இருண்ட சந்துகளில் ஒருவரையொருவர் தேடிச் சுடும் ‘மேஸ்’ என்னும் ஆட்டத்தை ஆடினார்கள். பின்னர் அது மாசசூசெட்ஸுக்குச் சென்று எண்மர் வரை ஆடும் ஆட்டமாக வளர்ந்தது.

பொழுதுபோக்குக்காக இவர்கள் செய்ததை, பயிற்சிக்காகப் பெரிய அளவில் செய்தது அமெரிக்க இராணுவம். ‘தார்ப்பா’ என்னும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு 1983ஆம் ஆண்டு ‘சிம்நெட்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. வெவ்வேறு ஊர்களில் வைத்த பொய்யான டாங்கிக் கூண்டுகளில் வீரர்கள் அமர்ந்து, ஒரே பொய்ப் போர்க்களத்தில் போரிட்டார்கள். ஒவ்வொரு டாங்கியும் எங்கே இருக்கிறது என்று நொடிதோறும் பலமுறை அறிவிக்கக் கம்பிகளுக்கு வலு இல்லை. அதற்காகப் பழைய மாலுமிகளின் முறை ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். கரை தெரியாத கடலில், கடைசியாகத் தெரிந்த இடம், வேகம், திசை ஆகிய மூன்றையும் கொண்டு, இப்போது கப்பல் இங்கே இருக்கும் என்று மாலுமி கணக்கிடுவான் அல்லவா? அதுபோல ஒவ்வொரு பொறியும் மற்ற டாங்கிகளின் இடத்தை ஊகித்துக்கொள்ளும்; ஊகம் பிசகும்போது மட்டும் திருத்தம் வரும். சுட்டால் பட்டதா என்பதைச் சுட்டவன் பொறியே சொல்லும். எவ்வளவு சேதம் என்பதை அடிபட்டவன் பொறி கணக்கிடும். இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அது ஒருவரையொருவர் நம்பும் கூட்டத்துக்கே பொருந்தும். பரிசுக்கும் பெருமைக்கும் ஆடும் பொதுமக்கள் கூட்டத்தில், “பட்டது” என்று சொல்லும் அதிகாரத்தைச் சுட்டவனிடமே கொடுத்தால், தன் பொறியைத் திருத்தி வைத்துக்கொண்டு, வானத்தை நோக்கிச் சுட்டு, “பட்டது, பட்டது” என்பவர்கள் தோன்றிவிடுவார்கள், தோன்றியும் இருக்கிறார்கள்.

1993ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ‘டூம்’ என்னும் ஆட்டம் வெளிவந்தது. நால்வர் வரை இதில் கூடி ஆடலாம். இதன் உலகம் ஒரு விநாடிக்கு 35 அடிகளாக நகரும். ஒவ்வோர் அடியிலும், இன்னார் இன்ன விசையை அழுத்தினார் என்பது எல்லாப் பொறிகளுக்கும் போய்ச் சேரும். எல்லாம் ஒரே கணக்கை ஒரே வகையாகப் போடும். ஆகவே விடை மாறுவதற்கு வழியில்லை. பட்டதா என்னும் தகராறும் இல்லை. ஆனால், ஒருவன் செய்தி பிந்தினால் மற்ற மூவரும் காத்து நிற்கவேண்டும். ஒரே அறைக்குள் இது சரி. ஊர் விட்டு ஊர் என்றால், நொண்டியோடு கால் கட்டிக்கொண்டு ஓடும் ஓட்டந்தான்.

1996ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் வெளிவந்த ‘குவேக்’ வேறு வழியை எடுத்தது. நடுவில் ‘சர்வர்’ என்னும் பொறி ஒன்று. அதுவே நடுவர், அது சொல்வதே உண்மை. ஆடுபவர்கள் விசையை அழுத்தியதும் செய்தி நடுவரிடம் போகும். நடுவர் நகர்த்திய பிறகே திரையில் நகர்ச்சி தெரியும். இதை வகுத்த ஜான் கார்மாக் என்னும் அறிஞர் தம் வீட்டிலேயே மிக விரைவான இணைப்பு வைத்திருந்தவர். வாங்கியவர்களோ தொலைபேசிக் கம்பியில் மோடத்தை மாட்டி ஆடியவர்கள். விசையை அழுத்தி, கால் விநாடி கழித்து மனிதன் நகர்ந்தால் யாருக்குப் பொறுமை இருக்கும்? வெளியிட்ட சில வாரங்களிலேயே, ஆகஸ்டு மாதத்தில், தம் அடிப்படை எண்ணமே இணையத்துக்குப் பொருந்தாதது என்று கார்மாக் எல்லாரும் படிக்கும்படி எழுதி ஒப்புக்கொண்டார். தாம் செய்தது வெற்றியென்று ஊரே கொண்டாடும் வேளையில் இப்படி எழுதுவதற்கு ஒரு துணிவு வேண்டும். அவ்வாண்டு டிசம்பரில் ‘குவேக்வேர்ல்ட்’ வந்தது. இதில் உங்கள் பொறி நடுவருக்காகக் காத்திராமல் உங்களை உடனே நகர்த்திக் காட்டும். நடுவர் வேறு சொன்னால் பின்னர்த் திருத்திக்கொள்ளும்.

நடப்பது சீராயிற்று, சுடுவது சீராகவில்லை. ஏனென்றால், உங்கள் திரையில் தெரியும் எதிரி இப்போதைய எதிரி அல்லன். செய்தி வந்து சேர்வதற்கு முன்பிருந்த எதிரி. விண்மீனை நோக்கும்போது, அது ஒளியை விட்ட அந்நாளைய மீனைக் காண்கிறோம் அல்லவா? அதே கதை. விநாடிக்கு 5 மீட்டர் ஓடுபவன் கால் விநாடியில் ஒன்றேகால் மீட்டர் கடந்துவிடுகிறான். அவன் மார்பைக் குறி பார்த்துச் சுட்டால் அங்கே காற்றுதான் இருக்கும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் எதிரிக்கு முன்னால் வெற்றிடத்தில் சுடப் பழகிக்கொண்டார்கள். பறக்கும் பறவைக்கு முன்னால் குறி வைக்கும் வேடனின் வித்தை அது. ஆனால் வேடனுக்குப் பறவையின் வேகம் ஒன்றுதான் தெரியவேண்டும். இவர்களுக்குத் தொலைபேசிக் கம்பியின் மனநிலையும் தெரியவேண்டியிருந்தது!

இதற்கு வந்த மருந்து வியப்பானது. 1998ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹாஃப்-லைஃப்’ என்னும் ஆட்டத்தை உருவாக்கிய ‘வால்வ்’ நிறுவனத்தைச் சேர்ந்த யான் பெர்னியர், 2001ஆம் ஆண்டு நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் இதைக் கட்டுரையாகவே படைத்தார். நடுவர், கடந்த சிறு நேரத்தில் ஒவ்வொருவரும் எங்கெங்கே இருந்தார்கள் என்பதை நாட்குறிப்புப் போலக் குறித்து வைத்துக்கொள்வார். “சுட்டேன்” என்னும் செய்தி வந்ததும், சுட்டவன் விசையை அழுத்தியபோது அவன் திரையில் எந்த நேரத்து உலகம் தெரிந்திருக்கும் என்று கணக்கிட்டு, மற்றவர்களை அந்த நேரத்து இடங்களுக்குப் பின்னோக்கி நகர்த்தி, பட்டதா என்று சோதித்துவிட்டு, மீண்டும் பழைய இடத்தில் வைப்பார். காலத்தைத் திருப்பி வைத்துச் சொல்லும் தீர்ப்பு இது.

இப்போது என் பேரனுடைய வழக்கைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். கரும்பலகை இல்லை, மனக்கணக்காகவே போடுங்கள். ஆடுபவருக்கும் நடுவருக்கும் இடையே செய்தி ஒரு வழி செல்ல 50 மில்லி விநாடி என்று கொள்வோம். என் பேரன் வாசலைக் கடக்கிறான். அச்செய்தி நடுவரை அடைய 50. நடுவரிடமிருந்து மதுரைப் பையனை அடைய மேலும் 50. விட்டுவிட்டு வரும் செய்திகளை இணைத்து ஓட்டம் தடங்கலின்றித் தெரிவதற்காக, அவன் பொறி மற்றவர்களை வேண்டுமென்றே சற்றுப் பிந்திக் காட்டும். அதற்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, 200 மில்லி விநாடி கழித்தே அவன் வாசலில் ஆளைக் காண்கிறான், கண்டதும் சுடுகிறான். “சுட்டேன்” என்பது நடுவரை அடைய 50. தீர்ப்பு என் பேரனுக்கு வர 50. மொத்தம் 300. விநாடிக்கு 5 மீட்டர் ஓடினால் 300 மில்லி விநாடியில் ஒன்றரை மீட்டர். அவன் சுவருக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் சென்ற பிறகு, வாசலில் வாங்கிய குண்டுக்கு வீழ்ந்திருக்கிறான்!

இந்தக் குறை தம் முறையில் உண்டு என்பதைப் பெர்னியர் மறைக்கவில்லை. மறைந்தவனுக்குச் சில நேரம் அநீதி தோன்றும். ஆயினும் குறி பார்த்த எல்லாருக்கும் குறி பிசகுவதைவிட அது சிறிது என்பது அவர் கட்சி. முதலில் நான் மறைந்தவன் பக்கமே இருந்தேன், பேரன்பால் உள்ள பற்றும் ஒரு காரணமாயிருக்கலாம். எண்ணிப் பார்க்கையில் பெர்னியர் சொல்வதே சரியென்று படுகிறது. குறி பார்ப்பது ஒரு கலை. கண்ணால் கண்டதை நம்பக்கூடாது என்றால் அந்தக் கலைக்கு இடமில்லை. ஆனால் எவ்வளவு காலம் பின்னோக்கிச் செல்லலாம் என்பதற்கு ஒரு வரம்பு கட்டாயம் வேண்டும். வரம்பில்லையென்றால், மட்டமான இணைப்பு வைத்திருப்பவன் நெடுநேரத்துக்கு முன் மறைந்தவனையெல்லாம் வீழ்த்துவான். தம் இணைப்பைத் தாமே வேண்டுமென்று மந்தமாக்கி ஆடும் சூதும் உண்டு என்று அறிந்தேன். 2016ஆம் ஆண்டு வந்த ‘ஓவர்வாட்ச்’ போன்ற ஆட்டங்கள், பொதுவாகச் சுட்டவன் சொல்லை ஏற்றாலும், எதிரி தப்புவதற்குரிய சில தனித் திறன்களைக் கையாண்டிருந்தால் அவன் பக்கமே தீர்ப்புச் சொல்கின்றன.

இவ்விடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, ஒரு சடுகுடுப் போட்டிக்கு நடுவனாக நின்றேன். பாடிச் சென்ற பையன், பிடிபட்ட நிலையில் நடுக்கோட்டை எட்டித் தொட்டான். தொட்டபோது மூச்சு இருந்தது என்றான் அவன். விட்ட பிறகே தொட்டான் என்றான் பிடித்தவன். நான் நின்றது மறு கோடியில். பிடித்தவன் நல்ல மாணவன் என்று பெயரெடுத்தவன். பாடிச் சென்றவனை எல்லார் முன்னிலையிலும், “பொய் சொல்லாதே” என்று அதட்டிவிட்டேன். அவன் அழவில்லை, மறுபேச்சும் பேசவில்லை. அதன் பின்னர் அவன் ஆடுகளத்துக்கு வரவே இல்லை. ஆட்டம் அவனுக்கு எதிராகப் போனது தவறாக இராமலிருக்கலாம். பொய்யன் என்றது தவறு. தீர்ப்புச் சொல்வது வேறு, ஒருவன் நெஞ்சைப் பழிப்பது வேறு என்பது எனக்கு அன்று தெரியவில்லை.

கிரீனிச் வானாய்வுக் கூடத்திலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. விண்மீன் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பதில், உதவியாளர் கின்னபுருக் தம் தலைவர் மாஸ்கலினைவிட ஏறத்தாழ முக்கால் விநாடி பிந்தினார். கவனக் குறைவு என்று 1796ஆம் ஆண்டு அவரை வேலையினின்றும் நீக்கிவிட்டார்கள். கண்டதைக் குறிப்பதில் ஆளுக்கு ஆள் நேரம் மாறுபடுவது இயற்கை என்பதைப் பிற்காலத்தில் பெஸ்ஸல் என்னும் ஜெர்மானிய வானநூலறிஞர் ஆராய்ந்து காட்டினார். கின்னபுருக்குக்கு அது பயன்படவில்லை.

திரும்புவோம். எல்லாப் பழியையும் தூரத்தின்மேல் போட்டுவிட முடியாது. நடுவருடைய கண்ணிலும் குறை உண்டு. திரையில் நாம் காணும் மனித உருவம் வேறு. நடுவர் சோதிக்கும் உருவம் வேறு. மூக்கும் விரலும் உடைய உருவத்தை ஒவ்வொரு குண்டுக்கும் சோதிப்பது பெருவேலை என்பதால், தலைக்கு ஒரு பெட்டி, மார்புக்கு ஒரு பெட்டி என்று கண்ணுக்குத் தெரியாத சில பெட்டிகளை உருவத்தோடு ஒட்டி வைத்திருப்பார்கள். ‘ஹிட்பாக்ஸ்’ என்பது அதன் பெயர். உருவம் தாவும்போதும் ஏணி ஏறும்போதும் பெட்டி பிசகினால், தலையைச் சுட்டும் படாது. வெறுங்காற்றைச் சுட்டால் படும். 2012ஆம் ஆண்டு வந்த ‘கவுண்டர்-ஸ்டிரைக்: குளோபல் அஃபென்சிவ்’ ஆட்டத்தில் இந்தக் குறைக்காக ஆட்டக்காரர்கள் நெடுநாள் கூச்சலிட்டார்கள். 2015ஆம் ஆண்டு செப்டம்பரில், மூலைகள் கூரான பெட்டிகளை எடுத்துவிட்டு, மாத்திரைக் குப்பி போன்ற உருண்டை வடிவங்களை வைத்து, உருவத்தின் எலும்புக்கூட்டையும் மாற்றி அமைத்தார்கள்.

இன்னொன்று, நடுவர் உலகைத் தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை. சினிமாப் படம்போல விட்டுவிட்டுப் பார்க்கிறார். ஒவ்வொரு பார்வையும் ஒரு ‘டிக்’. விநாடிக்கு 64 டிக் என்றால், 900 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் இடையில் 14 மீட்டர் தாவிவிடும். நடுவில் நின்றவனை அது தொடாமலே கடந்ததாகத் தோன்றும். ஆதலால் குண்டின் இடத்தை மட்டும் பாராமல், இரு பார்வைகளுக்கிடையே அது சென்ற கோட்டையே சோதிக்கவேண்டும்.

பார்வை அடிக்கடி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2013ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த ‘பேட்டில்ஃபீல்ட் 4’ காட்டியது. சுவீடனின் ‘டைஸ்’ நிறுவனம் செய்த இவ்வாட்டத்தில், மற்றவர்களைப் பற்றிய செய்தி ஆடுபவருக்கு விநாடிக்குப் பத்து முறையளவில்தான் வந்தது. மூன்று குண்டுகளின் அடி ஒரே செய்தியில் மூட்டையாக வந்து சேரும். ஒரே குண்டில் செத்தோம் என்று ஆடுபவன் திகைப்பான். வேறு கோளாறுகளும் சேர்ந்துகொண்டு ஆத்திரம் முற்றவே, டிசம்பரில், இதைச் சரிசெய்யும் வரை புதிய வேலைகளை நிறுத்திவைப்பதாக அறிவிக்க நேர்ந்தது. பின்னர்ப் படிப்படியாகச் செய்திகளின் விரைவைக் கூட்டிச் சீர்செய்தார்கள். 2020ஆம் ஆண்டு ஜூனில் வந்த ‘வாலரண்ட்’ தொடக்கத்திலேயே விநாடிக்கு 128 டிக் வைத்துக்கொண்டது. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த ‘கவுண்டர்-ஸ்டிரைக் 2’ வேறொரு வழி கண்டது. இரண்டு டிக்குகளுக்கு இடையில் எந்தக் கணத்தில் விசை அழுந்தியது என்பதையும் குறித்தனுப்பி, அந்தக் கணத்துக்கே கணக்கிடச் செய்தது.

இத்தனையும் செய்தபின் எஞ்சி நிற்பது தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய ஆழ்கடல் கம்பி ஒன்றின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போக 16 மில்லி விநாடி, வர 16; வழியில் உள்ள பொறிகள் எடுத்துக்கொள்வது இதற்கு மேல். எந்த நிறுவனமும் எத்தனை பொருள் செலவிட்டாலும் இந்த 32ஐ 31 ஆக்க இயலாது, கம்பியைக் குறுக்கினாலன்றி.

சென்ற வாரமும் என் பேரன் முறையிட வந்தான். இம்முறை நான் பழமொழி சொல்லவில்லை, “நடுவர் பொறி எந்த ஊரில் இருக்கிறது?” என்று கேட்டேன். “சிங்கப்பூர்” என்றான். பழைய காகிதம் ஒன்றை எடுத்து, மறுபக்கத்தில் இருவருமாகக் கணக்குப் போட்டோம். ஒன்றே கால் மீட்டர் வந்தது. “சுவரை அடைந்ததும் நிற்காமல் இன்னும் இரண்டு அடி ஓடு” என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அதையேதான் மதுரைக்காரனும் செய்கிறான் தாத்தா” என்றான்.